எழுத்து உள்பக்கமாக ஒட்டிய தோரணம்

அந்துவான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் லான் என் அறையில் உட்கார்ந்து காகிதத் தோரணம் செய்துகொண்டிருந்தாள். கிறிஸ்து பிறப்புக்கு, நொயேலுக்கு, வகுப்பறையில் கட்ட வேண்டுமாம். பழைய காலண்டர் தாள்களை எடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் அவற்றைப் பட்டை பட்டையாக வெட்டித் தரையில் குவித்திருந்தாள். நீ அவளைக் கூட்டிப்போக வந்தாய். பிறகு குந்தி உட்கார்ந்து அவள் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஒட்டக் கொடுத்தாய். என்ன தேடுகிறீர்கள் என்று அவள் வியட்நாமியில் கேட்டதற்கு, தேவையான தாள் எதுவும் கலந்திருக்கக் கூடாதே என்றாய். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், போன வருஷத்துக் காலண்டரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ என்ன தேடினாய் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், உன் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான் என்பது. உன் மனைவியிடமும் மகளிடமும் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். மெதுவாகவே படி. பாதியில் நிறுத்திவிடுவாயோ என்ற பயத்தில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தது நீ இல்லை. வெட்டியதும் நீ இல்லை. இரண்டையும் செய்தது நான். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

உன் தாத்தா காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். பட்டாளத்தை விட்ட பிறகும் திரும்பிப் போகவில்லை. கான் ஹொய் துறைமுகத்துக்குப் பின்னால், நீ பிறந்த அந்தச் சந்திலேயே வீடு பிடித்துக்கொண்டார். சாகும்போது என் கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். அதில் அவருடைய பழுப்புத் தாள்கள் இரண்டு இருந்தன. ஒன்று பட்டாளத்திலிருந்து அவரை விடுவித்த தாள். மற்றது அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்பதற்கான தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி முத்திரை, ஒரே மாதிரி நான்காக மடித்தவை. குடியுரிமைத் தாளைக் காட்டி, "இது இருக்கிற வரைக்கும் ஒனக்கும் ஒன் புள்ளைங்களுக்கும் போக ஒரு எடம் இருக்கு" என்றார். நான் அதைக் காட்டி எனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, அவசரம் எதுவும் தெரியவில்லை. உன் அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். அறுவை செய்தால் சரியாகும், பிரான்சில் செய்கிறார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகலாம், போகலாம் என்று நான் வருஷங்களைத் தள்ளினேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அப்புறம் அமெரிக்கர்கள் வெளியேறி ஆட்சி மாறிய அந்த ஏப்ரல் வந்தது. நான் ஏழு வருஷம் தட்டச்சு செய்த அமெரிக்கர்களின் கிடங்கு ஒரே வாரத்தில் காலியானது. புது ஆட்சிக்காரர்கள், ஒவ்வொருவரும் தன் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தேன் என்று பொய் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சந்தில் என்னைப் போலவே தட்டச்சு செய்தவர் ஒருவர் உண்மையை எழுதினார். சில நாள் பாடம் கேட்டுவிட்டு வரலாம் என்று துணிமணியோடு கூப்பிட்டுப் போனார்கள். மழைக்காலம் முடிந்தும் அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தகரப் பெட்டியை என்ன செய்வது என்பதே என் யோசனையாக இருந்தது. அமெரிக்க அதிகாரி கையெழுத்துப் போட்ட நற்சான்றுகள், என் பெயர் போட்ட கடிதங்கள், அனுமதித் தாள்கள் எல்லாவற்றையும் அதற்குள்தான் போட்டு வைத்திருந்தேன். எரிக்க முடியாது. காகிதம் எரிகிற வாடை சந்து முழுக்கத் தெரியும். கிழித்து வாய்க்காலில் போட்டால் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து வாசிப்பார்கள்.

எனக்கு வழி காட்டியது நீதான். டிசம்பர் பிறந்ததும், "நொயேலுக்கு ஜன்னல்ல நட்சத்திரம் வேணும்பா, தோரணமும் வேணும்" என்றாய். உனக்கு எட்டு வயது, உன் தங்கை மதலேனுக்கு நாலு. கடையில் வண்ணத்தாள் எதுவும் கிடைக்கவில்லை. நீ கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய். எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. தட்டச்சுத் தாளில் ஒரு பக்கம்தான் எழுத்து இருக்கும். பட்டையாக வெட்டி, எழுத்து உள்ளே போகும்படி வளையமாக ஒட்டிவிட்டால், பண்டிகை முடிந்து குப்பையோடு போய்விடும். யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் அம்மா கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போன ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். சோற்றிலிருந்த சோளத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் அரிசிப் பருக்கையை மசித்துப் பசை செய்தோம். புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தையும், மஞ்சள் தூளையும், துணிக்குப் போடும் நீலத்தையும் கரைத்து மூன்று கிண்ணத்தில் வைத்தோம். நானும் நீயும் ஆளுக்கொரு கத்திரிக்கோல். வெட்டிய பட்டைகளைப் பாய் நடுவில் குவித்தோம், மதலேன் சாயம் தடவினாள். மூங்கில் குச்சிகளைக் கட்டி நட்சத்திரத்துக்குக் கூடு செய்தேன். "எழுத்து உள்ளே போகணும், வெள்ளைதான் வெளிய தெரியணும்" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். "ஏம்பா?" என்றாய். "அதுதான் அழகு" என்றேன். நீ அதைத் தங்கைக்குச் சட்டமாகச் சொன்னாய். அவள் ஒரு வளையத்தைத் தப்பாகத் திருப்பினாலும் பிரித்துச் சரியாக ஒட்டினாய். மதலேன் மூக்கெல்லாம் சிவப்பு. அந்த வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வளையம் ஒட்டும்போதும் எனக்கு ஒரு பயம் குறைந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. நீங்கள் பண்டிகை கொண்டாடினீர்கள். நான் உங்கள் கையைக் கொண்டு என் காரியத்தைச் செய்துகொண்டேன்.

தாள் போதாமல் போனபோது, "பெட்டில மேல இருக்கிறதை எடுத்துட்டு வா" என்று உன்னை அனுப்பினேன். நீ எடுத்து வந்தவை நகல் எடுக்கும் மெல்லிய தாள்கள். பசை ஊறி மறுபக்கம் தெரிந்ததால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாத்தாவின் பழுப்புத் தாள்கள் இரண்டும் அதற்கு முன்பே என் மடியில்தான் இருந்தன. அந்நியப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு என்று தெரிவதும் அப்போது ஆபத்து. அதனால் பட்டாளத் தாளை வெட்டிவிட்டு, குடியுரிமைத் தாளைத் திரும்பப் பெட்டியில் வைப்பதாக எண்ணம்.

அந்த நேரத்தில்தான் பா தூ கதவைத் தட்டினாள். எங்கள் தெருக் குழுவுக்குத் தலைவி. உனக்கு ஞாபகம் இருக்கும், எப்போதும் கறுப்புக் கால்சட்டையும் கட்டம் போட்ட துண்டுமாக வருவாள். கெட்டவள் இல்லை. சண்டையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று மேலே சொல்ல வேண்டியது அவள் வேலை. உள்ளே வந்தவள் நேராகப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு பழுப்புத் தாளைத் தொடைக்கு அடியில் தள்ளினேன். மற்றது கையிலேயே இருந்தது. கத்திரிக்கோலை நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று வெட்டிக்கொண்டே இருந்தேன், நீ ஒட்டிக்கொண்டே இருந்தாய். என் கண் தாளில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

"என்ன தாள் இது?" என்று கேட்டாள்.

"வீட்ல கிடந்த பழைய தாள்தான். பிள்ளைங்க ஆசைப்பட்டுச்சு" என்றேன்.

ஒரு வளையத்தில் விரலை நுழைத்துச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அவள் உள்ளே பார்க்கவில்லை. உன் தலையைத் தடவி, "நல்லா செய்றியே. எங்க வார்டு ஆபீஸ் சுவர் மொட்டையா இருக்கு, டெட் வருஷப் பிறப்பு வருது. ஒரு சரம் குடு" என்றாள். பெருமையில் உனக்கு முகமெல்லாம் பல். அப்போதுதான் ஒட்டி முடித்த நீளச் சரத்தை எடுத்து நீயே அவள் கழுத்தில் மாலையாகப் போட்டாய். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொடைக்கு அடியில் இருந்த தாளை விரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டு மூடினேன்.

டெட் முடிந்து சில வாரம் கழித்து, பூசைக்குப் போன உன் அம்மா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "என்னங்க, பிரெஞ்சுத் தாள் வச்சிருக்கிறவங்க பேர் குடுக்கலாமாம். விமானத்துல அனுப்புறாங்களாம். மாமா தாளை எடுங்க" என்றாள். நான் எழுவதற்குள் அவளே பெட்டியைத் திறந்து தாளை விரித்தாள். அது பட்டாளத் தாள். பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். "மத்தது எங்கங்க?"

நிலைப்படிக்கு மேலே தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது. டெட்டுக்கும் இருக்கட்டும் என்று கழற்றாமல் விட்டிருந்தோம். அதில் சில வளையங்களில் சாயத்தை மீறிப் பழுப்பு தெரிந்தது. எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், வாய் வேறு சொல்லிவிட்டது. "இவன்தான். அன்னைக்குப் பெட்டில கை வச்சான். எடுத்து வெட்டிப்புட்டான்" என்றேன்.

நீ பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி, "நீங்கதானப்பா எடுத்துட்டு வரச் சொன்னீங்க" என்றாய். உன்னை அறைந்தேன். அதுவரை உன்னை நான் அடித்ததில்லை. "மேல இருந்த தாளை எடுன்னா அடியில இருந்ததை ஏன்டா எடுத்த?" என்று கத்தினேன். நீ அழவில்லை. உன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாய். அன்றைக்கு என்ன எடுத்தோம், எதை வெட்டினோம் என்று யோசிக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்னதை நீ நம்ப ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

உன் அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி போட்டு ஏறித் தோரணத்தை இறக்கினாள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வளையங்களை ஊறவைத்தாள். பசை விட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுவரில் இருந்த திருஇருதயப் படத்தின் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் பரப்பினாள். இரண்டு நாள் அந்த வேலையாகவே இருந்தாள். என் பெயர் போட்ட கடிதங்களும் தண்ணீரிலிருந்து வந்தன. ஒன்றிரண்டை வாசித்தாள், திரும்பத் தண்ணீரிலேயே போட்டுக் கரைத்துவிட்டாள். பழுப்புத் தாளில் ஐந்து துண்டு சேர்ந்தது. இன்னும் மூன்று துண்டு வேண்டும். எண்ணும் முத்திரையும் அந்த மூன்றில் இருந்தன.

"பா தூ வாங்கிட்டுப் போன சரத்துல இருக்கும். போய்க் கேளுங்க. புள்ளை வெளையாடக் கேக்குதுன்னு சொல்லுங்க, குடுத்துடுவாங்க" என்றாள்.

போனேன். வார்டு ஆபீஸ் கதவு திறந்திருந்தது. தலைவர் படத்துக்குக் கீழே, மேசைக்கு நேர் மேலே நம் தோரணம் தொங்கியது. காற்றில் வளையங்கள் ஆடின. எந்த வளையத்தில் என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். கேட்டால், இந்தக் கிழிசலை எதற்குக் கேட்கிறான் என்று ஒருத்தர் பிரித்துப் பார்த்துவிட்டால் போதும். பா தூ நிமிர்ந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். சர்க்கரை எப்போது போடுவார்கள் என்று கேட்டேன். பதில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "குப்பைல போட்டுட்டாங்களாம்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு மாதம் அது அங்கே தொங்கியது. தினமும் அந்த வழியாகத்தான் போனேன். கையை நீட்டினால் எட்டுகிற உயரம்.

ஐந்து துண்டையும் வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டு உன் அம்மா பிரெஞ்சு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எண் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று துண்டுகளை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். காரைக்காலுக்கு எழுதினோம், பிரான்சுக்கு எழுதினோம். பதில் வரவில்லை.

மூன்றாவது வருஷம் அவளுக்குக் காலும் வயிறும் வீங்கத் தொடங்கின. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவாள். நீங்கள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்தத் தாளை வெட்டினது நீங்கதான்" என்றாள். "துண்டெல்லாம் ஓரம் நேரா இருந்துச்சு. எட்டு வயசுப் புள்ளை அப்படி வெட்டாது. அவன் வெட்டினதெல்லாம் கோணல்மாணல்."

"அப்பவே தெரியுமா?" என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இப்ப என்னை விடுங்க. அவன்கிட்ட சொல்லிடுங்க. மூணு வருஷமா அவன் என் மூஞ்சிய நிமிந்து பாக்கல."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நீ பள்ளியிலிருந்து வந்தாய், சாப்பிட்டாய், தண்ணீர் தூக்கப் போனாய். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

எனக்குச் சாக்கு இல்லாமல் இல்லை. முதலில், நீ சின்னப் பிள்ளை, வெளியே உளறிவிட்டால் என்னைக் கொண்டுபோய்விடுவார்கள், உங்களுக்குச் சோறு போட ஆளிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அது சில மாதம்வரை உண்மைதான். பிறகு அந்தப் பயம் போய்விட்டது, சாக்கு மட்டும் நின்றது. நீ வளர்ந்தாய், மறந்திருப்பாய் என்று நினைத்தேன். கல்யாணம் செய்தாய், இப்போது போய் எதற்கு என்று நினைத்தேன். உன் மகள் விஷயத்தில் உனக்கு நான் சொல்ல யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவளிடம் ஏதாவது தப்பாக நடந்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் இரண்டு மடங்கு கஷ்டம். அவள் எதற்காவது தன்மேல் பழி போட்டுக்கொண்டு நின்றால், பேசாமல் இருக்காதே. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ இனி ஞாயிற்றுக்கிழமை வராவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். மதலேனுக்கு நானே தனியாக எழுதுகிறேன், அந்தப் பாரமும் உனக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதியதிலேயே இதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா கடைசியாக இருந்த வாரம் அது. ஒரு கட்டிலில் இரண்டு பேர். உனக்குப் பதினொரு வயது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். பிறகு, "அம்மா, தாத்தா தாளை நான்தான் வெட்டிட்டேன். தெரியாம பண்ணிட்டேம்மா" என்றாய். அவள் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நீ வெட்டலடா. அப்பா வெட்டுனாரு. நீ ஒண்ணும் பண்ணல" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு தடவை சொன்னாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

உன் தோளைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "அம்மாவுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியா இருக்கு. காய்ச்சல்ல என்னென்னமோ சொல்லுவாங்க. மனசுல வச்சுக்காத" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். மறுநாள் விடியும்போது அவள் போய்விட்டாள்.

அந்துவான், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இல்லை. உன்னை வெளியே கூட்டிப்போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தேன். குளிர்ந்துதான் இருந்தது. உன் அம்மா நல்ல நினைவோடு, உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதைச் சொன்னாள்.

அப்பா